இரண்டு கம்பங்களும் ஒரு வெள்ளாடும்

உப்பாறு கடலில் கலக்கிற இடத்தில் இருவாய்க்கரை என்று ஓர் ஊர் இருந்தது. ஆற்றுக்கு வடக்கே பாதி ஊர், தெற்கே பாதி ஊர்; இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே மாதா கோவில், ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே தோணி; ஆனால் அரசுகள் மட்டும் இரண்டு. தென்கரையில் கழுகுக் கொடி பறந்தது, வடகரையில் கரடிக் கொடி. தன் கொடியில் வெள்ளாட்டைப் பொறித்துக்கொண்ட பேரரசு ஒன்று இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெள்ளாடு அதை மனதில் வைத்திருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அவர்கள் வெள்ளாடுகளை அறியாதவர்கள்.

கடலுக்கு அப்பால் இருந்த அந்த இரண்டு அரசர்களும் அக்காளும் தங்கையும் பெற்ற பிள்ளைகள், சிறுவயதில் ஒரே மரக்குதிரைக்கு அடித்துக்கொண்டவர்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் எவ்வளவு தூரம் சண்டை போட்டுவிடப் போகிறார்கள் என்று ஊரார் நிம்மதியாக இருந்தார்கள். தங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த நிம்மதி வந்திருக்காது.

தென்கரைக் கொடிக்கம்பம் ஒரு சாண் வளர்ந்திருந்ததை முதலில் கண்டவள் ரெஜினாள். கம்பத்துக்குக் கீழே, தன் வீட்டுக்கு முன்னால் இருந்த மணலில்தான் அவள் நெத்திலி காயப்போடுவாள். நடுப்பகலில் கம்பத்தின் நிழல் நுனி எங்கே விழும் என்பதற்கு ஒரு சங்கைப் புதைத்து அடையாளம் வைத்திருந்தாள், நிழல் சங்கைத் தொட்டால் மீனைப் புரட்டிப் போட வேண்டும். தை மாதத்தில் ஒரு நாள் நிழல் சங்கைத் தாண்டிப் போய்க் கிடந்தது. ரெஜினாள் அண்ணாந்து பார்த்தாள், சங்கைத் தோண்டி எடுத்தாள், தள்ளிப் புதைத்தாள், மீனைப் புரட்டினாள். முருங்கைக் கொம்பை ஊன்றினால் துளிர்க்கிற ஊரில் ஒரு கம்பம் வளர்ந்ததற்கு யார் என்ன சொல்ல முடியும்?

கம்பம் மேலும் வளர்ந்து நிழல் ஆற்றைத் தாண்டியபோது சொன்னவள் மதலேனாள்தான். ரெஜினாளின் ஒரே மகள் பிலோமியை வடகரையில் மிக்கேலுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மிக்கேலின் அம்மா மதலேனாள். சம்பந்திகள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தோணித்துறையில் சந்தித்துக்கொள்வார்கள், சந்தித்தால் ஒருவரை ஒருவர் குத்தாமல் பிரிய மாட்டார்கள்.

"மைனி, ஒங்க கம்பு இப்ப ஆத்தத் தாண்டி எங்க வாசல்ல வந்து படுக்குது. பொம்பளைக உக்காந்து பேசுத வாசல். ஒரு மரியாத வேண்டாமா?"

"நிழல்தான மைனி. வேணும்னா அதுக்கு ஒரு பாய் எடுத்துப் போடுங்க."

இங்கே ஒரு வானசாத்திரச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் போரின் காரணம் பாதி இதில்தான் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், ஆகவே தென்கரைக் கம்பத்தின் நிழல் வடகரைமேல் விழும். ஆனி மாதத்துச் சூரியன் வடக்கே நிற்கும், ஆகவே வடகரைக் கம்பத்தின் நிழல் தென்கரைமேல் விழும். இதுவரை நியாயம்தான். ஆனால் ஆனி நிழல் தை நிழலில் பாதிகூட இராது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த வடகரை அதிகாரி, சூரியனும் கழுகுக் கொடியின் கட்சி என்று தன் அரசருக்கு எழுதினார். அந்தக் கடிதம் கப்பலேறிய மறுநாள் காலையில் கரடிக் கம்பம் மூன்று சாண் வளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு கம்பங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து வளர்ந்தன, ஒன்று ஒரு முழம் போனால் மற்றது ஒரு முழமும் நான்கு விரலும், பனையைத் தாண்டி, மாதா கோவில் சிலுவையைத் தாண்டி, பருந்து வட்டமிடும் உயரத்தைத் தாண்டி. அதிகாரிகள் இருவரும் சனிக்கிழமைதோறும் சீட்டாடுகிற நண்பர்கள்; நான் வளர்க்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்தார்கள், சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய், அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பம் தானாக வளர்ந்தது என்று தலைநகருக்கு எழுதினால் பைத்தியம் என்பார்கள். ஆகவே என் முயற்சியால் வளர்ந்தது என்று எழுதினார்கள். இருவருக்கும் பதக்கம் வந்தது.

ஊர் கம்பங்களோடு வாழப் பழகிற்று. கீழே விளக்கு வைத்த பிறகும் உச்சியில் மாலை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒழுங்காக ஜெபம் சொல்லாத பிள்ளைகளிடம் அங்கே இன்னும் பகல்தான், போய் விளையாடு என்பார்கள். மேகங்கள் கம்பத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் நிற்கும், மழைக்கு ஏங்குகிற பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து அவற்றை விடுவித்துத் தரும்படி கேட்டுப் போவார்கள். கொடி மாற்ற ஏறுகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏறி ஐந்தாம் நாள் இறங்குவான், இறங்கியதும் மேலே இருந்து பார்த்தால் இரண்டு கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்பான். அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

ஆனால் அவ்வளவு உயரத்தைக் காற்று சும்மா விடாது. சித்திரைக் கடைசியில் கம்பங்கள் ஆடத் தொடங்கின. ஆடாமல் இருக்க நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும், கட்டுவதற்கு மண்ணில் அடித்த முளை போதாது, ஆகவே அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள். உங்கள் நடுத்தூணில் ஒரு வடம் கட்டிக்கொள்ளுங்கள், கம்பம் உங்கள் வீட்டைக் காக்கும், உங்கள் வீடு கம்பத்தைக் காக்கும், ஆபத்து வந்தால் ஒருவருக்கொருவர் துணை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்ற வீட்டைப் பார்த்து, அப்படியானால் நீ அக்கரைக் கட்சியா என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கட்டிவிட்டான் என்பதற்காகக் கட்டியவர்கள்தான் பெரும்பாலோர். கம்பத்துக்கு எட்டாத வீடுகள் எட்டுகிற வீடுகளோடு கட்டிக்கொண்டன; அக்கரையில் சம்பந்தம் உள்ளவர்கள் யாருக்கும் தெரியாமல் ஆற்றுக்கு அடியில் ஒரு கயிறு ஓட்டி வைத்தார்கள். வைகாசி முடிவதற்குள் இருவாய்க்கரையில் குனியாமல் தெருவில் நடக்க முடியவில்லை.

ரெஜினாள் கட்டுவதாகவே இல்லை. அவள் புருஷன் கடலோடு போய் ஒன்பது வருஷம், அவளுக்குக் கயிறு என்றாலே ஆகாது. அந்தக் கடற்கரையில் போனவன் எட்டு நாளில் திரும்பாவிட்டால் அவன் பெண்டாட்டி தன் வீட்டு அருவாமனையால் அவனுடைய நங்கூரக் கயிற்றை ஊர் பார்க்க அறுக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் பெயர் அறுத்தவள். அதனாலேயே புருஷன் உள்ள எந்தப் பெண்ணும் அங்கே கயிற்றை அறுக்க மாட்டாள், அவள் வீட்டு ஆணும் அறுக்கத் துணிய மாட்டான். சிக்கினால் அவிழ்ப்பார்கள், அவிழாவிட்டால் உட்கார்ந்து அழுவார்கள், கத்தியை மட்டும் கொண்டுவர மாட்டார்கள்.

கட்டாமலிருந்தவளைக் கட்ட வைத்தது மதலேனாளின் வாய்.

"எங்க வீட்டுல வடம் கட்டியாச்சு மைனி. கையடக்கமான வடமில்ல, தேர் வடம் கணக்கா. ஒங்க மவ ராத்திரி நிம்மதியா ஒறங்குதா. ஆம்பள இல்லாத வீடு, ஒங்களுக்கு எவன் வந்து கட்டப் போறான், விடுங்க."

ரெஜினாள் அடுத்த தோணியிலேயே ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் தென்கரை அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பி, இருப்பதிலேயே தடித்த வடமாகப் பார்த்துக் கட்டச் சொன்னாள். அவர்கள் போட்டது தோணிக்காரர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

காற்றில் வடங்கள் முனகின. தெருவுக்கு ஒரு சுருதி, கரைக்கு ஒரு சுருதி, மெல்ல மெல்ல எல்லாம் ஒன்றாகி, ஊரே ஒரு பெரிய வண்டின் வயிற்றுக்குள் இருப்பதுபோல இரவும் பகலும் அந்த ரீங்காரம். கைக்குழந்தைகள் அதில் உறங்கின. கோவில் பாடகர்கள் தங்கள் சுருதியை மாற்றி அதற்கு ஒத்துப் பாடினார்கள். வாரத்துக்கு வாரம் அது ஏறிக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை. பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் மட்டும், வரவர நம்ம பாட்டு கீச்சுக் கீச்சென்று ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

இனி வெள்ளாடு.

பிலோமிக்குச் சீராகக் கொடுத்த சாமான்களில் வெள்ளச்சி என்ற ஆடும் ஒன்று. பிறந்தது தென்கரையில், வாழப்போனது வடகரைக்கு. பிறந்தகத்து நினைப்பு வரும்போதெல்லாம் அது தானே தோணியில் ஏறி முன்முனையில் நின்று அக்கரைக்கு வரும், ரெஜினாளிடம் கொஞ்சிவிட்டு மாலைத் தோணியில் திரும்பும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்படி வந்தபோது ரெஜினாள் வீட்டு வடம் அதன் மூக்குக்கு நேரே தொங்கிற்று. அது வெறும் நார்வடமாக இருந்திருந்தால் ஆடு திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. ஆனால் காற்றில் கட்டிய கயிற்றைப் பார்த்த கருவாட்டுக்காரி என்ன செய்வாள்? கட்டிய மறுநாளே ரெஜினாள் அதில் உப்புத் தடவிய வாளைமீன்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு மாதம் வடிந்த உப்புத்தண்ணீரில் வடம் ஊறிப்போய் வெள்ளைப் பூத்திருந்தது. வெள்ளச்சி நக்கிற்று, பிறகு கடித்தது, பிறகு மென்றது. வடம் அறுந்தது. கழுகுக் கம்பம் ஒரு சாண் வடக்கே சாய்ந்தது.

வடகரைக்காரர்கள் பார்த்தது அந்தச் சாய்வை மட்டும்தான். நம்மேல் விழ வருகிறது என்றார்கள்.

தென்கரைக்காரர்கள் பார்த்தது ஆட்டை மட்டும்தான். வடகரை ஆடு வந்து தாக்கியது என்றார்கள். தென்கரை அதிகாரி பத்து நிபந்தனைகள் எழுதி இரண்டு நாளில் பதில் கேட்டார். வடகரை அதிகாரி ஒன்பதை ஒப்புக்கொண்டார், அந்த ஆடு பிறப்பால் தென்கரைக் குடி என்பதையும் பணிவாக நினைவூட்டினார். பத்தாவது, தென்கரைச் சிப்பாய்கள் வடகரைக்கு வந்து ஆட்டின் வயிற்றைச் சோதிக்க வேண்டும் என்பது. அதற்கு மட்டும் அவர் இணங்கவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை சீட்டாட்டம் நடக்கவில்லை.

ரெஜினாள் கழுகு அலுவலகத்துப் படியில் போய் நின்றாள்.

"தப்பு என் மேல ஐயா. கயித்துல மீன் காயப் போட்டது நான்தான். உப்பு இருந்தா ஆடு திங்காம என்ன செய்யும்? அத எழுதி அக்கரைக்கு அனுப்புங்க."

தென்கரை அதிகாரி நல்ல மனிதர், அவளுடைய நெத்திலிக்கு ஆசைப்பட்டவர். அவளை உட்காரச் சொன்னார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா தலைநகருக்கு நான் கருவாடுன்னு எழுத முடியாது, ரெஜினாள்."

மறுநாள் அறுந்த ஒரு வடத்துக்குப் பதிலாக அவள் வீட்டில் மூன்று வடம் கட்டிப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை வடகரையில் வடங்களை இறுக்கச் சொல்லி முரசு அடித்தது. வெறும் முன்னெச்சரிக்கைதான், சாய்ந்து வருகிற கம்பத்துக்கு எதிரே நம் கம்பம் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? அவர்கள் இறுக்குவதைப் பார்த்துத் தென்கரையிலும் இறுக்கினார்கள், அதுவும் முன்னெச்சரிக்கைதான். ஆண்கள் தெருவில் வரிசையாக நின்று தங்கள் வீட்டு வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தார்கள். ஒரு வீடு இழுத்தால் அதோடு கட்டிய வீடு இழுத்தது, அதோடு கட்டியது அடுத்தது. நடுப்பகலில் இரண்டு அதிகாரிகளுக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். ஆனால் அது தளர்கிற முடிச்சு அல்ல. ரீங்காரம் ஏறி ஏறி, நாய்கள் மட்டும் கேட்கிற உயரத்துக்குப் போய், ஊர் திடீரென்று அமைதியாயிற்று. அந்த அமைதியைப் பலர் சமாதானம் என்று நினைத்தார்கள்.

ரெஜினாள் நினைக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடலும் அப்படித்தான் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. தன் வீட்டுத் தூணில் கட்டியிருந்த மூன்று வடங்களைப் பார்த்தாள், ஆற்றுக்கு அக்கரையில் மகள் இருந்த வீட்டுக் கூரையைப் பார்த்தாள். இரண்டு வீட்டிலும் அறுக்க நேரமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அருவாமனையைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு தோணித்துறைக்கு நடந்தாள். தோணிக்காரன் வடம் இழுக்கப் போயிருந்தான். அவளே துடுப்பைப் போட்டாள்.

மதலேனாளின் வாசலில் அவள் புருஷன் சந்தியாகும் மகன் மிக்கேலும் வடத்தை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகால் மணலில் புதைய இழுத்துக்கொண்டு நின்றார்கள். உரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிலோமி, ஏனென்றால் தரை மெல்லத் தூக்குவது அவள் காலுக்குத் தெரிந்தது. ஆடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது.

மதலேனாள் அருவாமனையைப் பார்த்தாள்.

"மைனி, அத எதுக்குக் கொண்டாந்திய?"

"மீன் அரிய இல்ல."

"என் வீட்டுக் கயித்த அறுக்க வந்தியளோ? என் தாலியும் ஒங்க மவ தாலியும் ஒண்ணா அறுக்கவா? ஒங்களுக்கு அறுத்தாச்சு, அதான் எல்லாரும் அறுக்கட்டும்னு வந்துட்டியளோ?"

ஊரில் ஒருவரும் ரெஜினாளின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை. அவள் அருவாமனையை இடுப்பிலிருந்து கைக்கு மாற்றினாள்.

"ஆமா மைனி, எனக்கு அறுத்தாச்சு. அதான் நான் வந்தேன். நீங்க அறுத்தா ஒங்க வீட்டுக்கு ஆவாது, பிலோமி அறுத்தா அவ வீட்டுக்கு ஆவாது. நான் அறுத்தா யாருக்கு என்ன? எனக்கு இன்னொரு தடவ அறுக்கதுக்கு ஒண்ணுமில்ல."

"கயிறு அறுந்தா கம்பம் விழும்னு சொல்லுதாவ..."

"அறுக்காட்டாலும் விழத்தான் போவுது. விழும்போது இந்த வீடு அதுகூடப் போணுமா, இங்கன கெடக்கணுமா, அத மட்டும் சொல்லுங்க."

மதலேனாள் கணவனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், அவர்கள் இடுப்பைச் சுற்றியிருந்த வடத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் தன் கண்களை மூடிக்கொண்டாள். அந்தக் கடற்கரையில் அதுவே சம்மதம்.

பிலோமி பிடித்த உரல்மேல் ரெஜினாள் ஏறி நின்றாள். மீன் அரியும்போது அருவாமனை அசையாது, மீன்தான் அசையும். அன்று வடம் இரும்புபோல அசையாமல் நின்றது, அருவாமனைதான் போய்ப் போய் வந்தது. ஒரு புரி அறுந்தது, இரண்டாவது அறுந்தது. மூன்றாவது அறுந்தபோது சந்தியாகும் மிக்கேலும் மல்லாந்து மணலில் விழுந்தார்கள், அறுந்த நுனி ஒரு பாம்பு வீடு திரும்புவதைப்போல வானத்தில் ஏறி மறைந்தது, அதே நொடியில் இரண்டு கம்பங்களும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன.

அவை விழவில்லை. ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டு, வேரோடு மண்ணைவிட்டுக் கிளம்பி, கடலுக்குமேல் மெல்லப் போகத் தொடங்கின. அவற்றோடு கட்டிய வீடுகள் கிளம்பின, அந்த வீடுகளோடு கட்டிய வீடுகள் கிளம்பின, வடகரையும் தென்கரையும் கலந்து, செபமாலை மணிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக, அடுப்பில் உலை கொதிக்க, கொடியில் துணி ஆட, வாசலில் வடம் சுற்றிய ஆண்கள் தொங்க. யாரும் அலறவில்லை. ஜன்னல்களில் நின்று கையசைத்தார்கள். கோழிகளை அடைச்சிருங்க என்று ஒருத்தி மேலிருந்து சொன்னாள். கிறிஸ்மஸுக்குள்ள வந்திருவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். தன் வீடும் போவதை ரெஜினாள் உரல்மேல் நின்றபடியே பார்த்தாள். மூன்று வடம் போட்டதால் அது மற்ற வீடுகளைவிட நேராக, கம்பீரமாகப் போயிற்று, அதன் கூரையிலிருந்து ஆற்றின்மேல் கொஞ்ச நேரம் கருவாடு மழையாகப் பெய்தது. ஊரில் இருந்த மற்ற அறுத்தவர்கள் சிலர் ரெஜினாளைப் பார்த்துவிட்டு அருவாமனையை எடுத்தார்கள். ஆறு வீடுகள் தங்கின. மற்ற வீடுகளிலும் அருவாமனை இருந்தது.

போன வீடுகள் போருக்குப் போயின என்பதைப் பிறகு தெரிந்துகொண்டார்கள். உலகத்தின் எல்லாக் கரைகளிலும் கம்பங்கள் வளர்ந்துதான் இருந்தனவாம், எல்லா ஊர்களிலும் வடம் கட்டித்தான் இருந்தார்களாம். நான்கு கிறிஸ்மஸ் போயிற்று. ஐந்தாம் வருஷம் சில வீடுகள் கூரையில்லாமல், கடலோரமாக மிதந்து வந்து ஒதுங்கின. பெண்களும் பிள்ளைகளும் இறங்கினார்கள், எந்த வீட்டு வாசலிலும் ஆண்கள் இல்லை. இந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைப் பற்றி எழுதினார்கள், கருவாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, முடிச்சைப் பற்றி அடிக்குறிப்பில்கூட இல்லை. போர் முடிந்தபோது இருவாய்க்கரையில் கயிற்றை அறுக்கத் தடையில்லாத பெண்கள் நூற்றுக்குமேல் இருந்தார்கள். அறுக்கத்தான் கயிறு இல்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். வீடுகள் போன அந்தச் சாயங்காலம் ரெஜினாள் உரலிலிருந்து இறங்கி, அருவாமனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதலேனாளின் வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் அவள் வீடு இருந்த இடத்தில் ஒரு சங்கு மட்டும் வெயிலில் மின்னிற்று. அதைத் தொட எந்த நிழலும் இல்லை. சம்பந்தி வீட்டில் விருந்துக்கு ஒரு வேளை தங்கலாம், குடியிருக்க முடியாது. அழைக்காமல் உள்ளே போகிற பழக்கமும் அவளுக்கு இல்லை. பிலோமி வாசற்படிக்கு வந்து மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சந்தியாகு தன் இடுப்பில் வடம் பதிந்திருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் மதலேனாள் வெளியே வந்தாள். தூணில் மிச்சமிருந்த வடத்தின் துண்டை ஒரு தடவை பார்த்தாள், முடிச்சு அப்படியேதான் இருந்தது. பிறகு கையிலிருந்த சட்டியை ரெஜினாளின் முன்னால் வைத்தாள். ஆற்றிலிருந்து பொறுக்கிய வாளைக் கருவாடு.

"உப்பு கூடித்தான் போச்சு மைனி, ஒங்க கருவாட்டுல. ஆட்டச் சொல்லிக் குத்தமில்ல." சட்டியைக் கிட்டே தள்ளினாள். "அருவாமனைய எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. எங்க வீட்டுது மொன்னையாயிட்டு."